எழுதியவர்: ஆண்டிச்சாமி

— "ஏம்ப்பா, போர்டப் படிக்காம எல்லார்கிட்டயும் கேட்டுக் கேட்டே பஸ் ஏறுற?"ன்னு ஆறு வயசுல எங்கப்பாவக் கேட்டேன் சார். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல, அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அது இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்கிது. இன்னொரு வாட்டி அவர அப்படி நிக்க வைக்க மாட்டேன். நீங்க சைபர் போட்டாலும் சரி.

— பாரும்மா தீபா, உங்கப்பாவை அவமானப்படுத்த நான் கூப்பிடல. கிராமத்துப் பொண்ணுங்க பஸ் பயணம் பத்தின புராஜெக்ட் மொத்தம் பதினாலு பக்கம். அதுல பதினொரு பக்கத்தை எழுதினது ஆண்டிச்சாமின்னு, உங்கப்பா பேரைக் கம்ப்யூட்டர் காட்டுது. என் கிளாஸ்ல ஆண்டிச்சாமின்னு யாரும் இல்ல. வெளியாள் எழுதினா சைபர். ரூல்னா ரூல். அவர் வந்து, "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும். முடிஞ்சுது.

— ஒரு வார்த்தைதான் சார். கேக்குறது உங்களுக்கு லேசு.

— அப்ப மன்னிப்புக் கடிதம் குடு. "அப்பாவை எழுத விட்டது தப்பு"ன்னு ரெண்டு வரி. பாதி மார்க்காவது போடுறேன். இல்லன்னா இன்டர்னல்ல பெயில், அடுத்த வருஷம் இதே பேப்பர மறுபடி எழுதணும். உன் குரூப்புல அஜய், ஹரிணி, தனுஷ் மூணு பேரும் சரின்னுட்டாங்க.

— சொல்லுவாக சார். மூணு பேரும் சேந்து மூணு பக்கம் எழுதுனவுக. பாதி மார்க்கே அவுகளுக்கு லாபம். நான் செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.

— பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணாமா?

— பிராங்கிளின் சார், செத்த நேரம் நான் பேசலாமா?

— நீங்க லேப் அசிஸ்டென்ட் சர்புன்னிசா மேடம். இது எங்க டிபார்ட்மென்ட் விவகாரம்.

— விவகாரம் உங்களோடது, லேப் என்னோடது சார். என் லேப்ல உக்காந்துதானே இந்தப் புள்ள எழுதுச்சு? ஏன் கண்ணு, காலேஜ்ல ஆளுக்கொரு ஐடி குடுத்தோம்ல? அத விட்டுட்டு அப்பா மெயில்ல எதுக்குப் போய் எழுதுன?

— அந்த ஐடி தொறக்கவே இல்ல மேடம். பாஸ்வேர்டப் போட்டா, "உன் போனுக்கு ஒரு நம்பர் அனுப்பிருக்கோம், அதையும் போடு"ங்குது. அட்மிஷன் பாரத்துல குடுத்தது அப்பா நம்பரு. எங்க வீட்டுக்கே ஒரு போன்தான். நான் இங்க பத்து மணிக்கு உக்காரும்போது அது நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுல அவரு சட்டைப் பையில கெடக்கும்.

— கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே? நம்பர்கூடவா வாசிக்கத் தெரியாது?

— நம்பரு நல்லாத் தெரியும் சார். மல்லிகை வெலைய அவரு மாதிரி மனசுக்குள்ள போடுறதுக்கு நம்ம கிளாஸ்ல ஆளில்ல. ஆனா அந்த ஆறு நம்பரு இங்கிலீசு மெசேஜுக்குள்ள வருது. ஏலம் போடுற சத்தத்துல, அது எந்த மெசேஜுன்னு தேடி எடுக்குறதுக்குள்ள நேரம் முடிஞ்சிருது. மூணு நாளு பாத்தோம். நாலாம் நாளு ஐடியே பூட்டிக்கிருச்சு.

— பூட்டிக்கிட்டா எங்கிட்ட வரக் கூடாதா கண்ணு?

— வந்தேன் மேடம். எனக்கு முன்னாடி இருவது பேரு நின்னாக. "அடுத்த வாரம் வாம்மா"ன்னீங்க. அன்னைக்கே குரூப்புல எழுத ஆரம்பிச்சுட்டாக. போன் வாங்குனப்ப கடைக்காரரு அப்பா பேருல ஒரு மெயிலு போட்டுக் குடுத்தாரு. அந்தப் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அதுலயே உள்ள வந்துட்டேன்.

— அல்லாவே! அப்ப தப்பு என்னோடதுதான் சார். அடுத்த வாரம்னு சொன்ன வாயி எது? இந்த வாயிதான்.

— கதை நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா எழுதினது இவதான்னு எனக்கு எப்படித் தெரியும்?

— எந்தப் பக்கத்துலருந்து வேணும்னாலும் கேளுங்க சார்.

— ஒன்பதாம் பக்கம்.

— கடைசி பஸ் பட்டியல். வத்தலக்குண்டுலருந்து கிராமத்துக்குப் போற அஞ்சு டவுன் பஸ்ஸ இருவத்திரெண்டு நாளு கவனிச்சேன். நான் இல்லாத நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர்கிட்டக் கேட்டுக் குறிச்சேன். நான் திண்டுக்கல் பஸ்ஸுலருந்து எறங்கி ஏறுற எங்க ஊரு வண்டிதான் மோசம். ராத்திரி ஏழு அம்பதுக்கு எடுக்கணும். இருவது நாளு, எட்டு நிமிசம், பத்து நிமிசம் லேட்டு. உள்ள இருக்க பொம்பளைக எல்லாம் புலம்புறாக. "டிரைவரின் அலட்சியம்"னு எழுதியிருக்கேன். டெப்போவுக்கு அனுப்பப் போறோம்னு நீங்கதான சொன்னீங்க?

— அனுப்பத்தான் போறேன். ஆனா மனப்பாடம் பண்ணியும் இதைச் சொல்லலாம்.

— நாப்பத்திமூணு பொம்பளப்புள்ளைககிட்டப் பேசியிருக்கேன் சார்! மழையில நனைஞ்சுக்கிட்டே குறிச்ச நோட்டு வீட்ல கெடக்கு. எங்கப்பா தலையக் குனிஞ்சாத்தான் நம்புவேன்னா, நீங்க நம்பவே வேணாம்.

— தீபா, சத்தம் போடாத. சார், நீங்களும் கோவப்படாதீங்க. இந்தப் பேப்பரக் கொஞ்சம் பாருங்க.

— என்ன இது?

— சாப்பாட்டு நேரத்துல உக்காந்து எழுதுனேன். எடதுபக்கம், அந்தப் புராஜெக்டுல ஆண்டிச்சாமிங்கற பேருல எழுத்து விழுந்த நாளும் நேரமும். நேத்து சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டர்லருந்து எடுத்தது. வலதுபக்கம் எங்க லேப் ரிஜிஸ்தர். யாரு வந்தாலும் பேரு, உக்கார்ற சிஸ்டம், வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போடாம நான் விடுறதில்ல. "இந்தக் காலத்துல நோட்டுப் புத்தகமா"ன்னு நீங்ககூடச் சிரிச்சிருக்கீங்க.

— சிரிச்சேன். ஞாபகம் இருக்கு.

— இருவத்தெட்டு தடவ எழுத்து விழுந்திருக்கு. இருவத்தெட்டு தடவையும் பதினாலாம் நம்பர் சிஸ்டத்துல தீபா உக்காந்திருக்கா. அவ உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு எழுத்து இல்ல, வெளிய போன பொறவும் இல்ல.

— நீங்க சாப்பிட்டீங்களா மேடம்?

— அத விடுங்க சார். சரியா இருக்கா?

— சரியாத்தான் இருக்கு... தீபா.

— சார்.

— முழு மார்க் போடுறேன். உங்கப்பா வர வேண்டாம். நான் அவரைக் கூப்பிட்டிருக்கக் கூடாது.

— தேங்ஸ் சார்.

— எனக்கு வேண்டாம், மேடத்துக்குச் சொல்லு. இனிமே உன் பேருல உள்ள வந்து எழுது. உழைப்பு உன்னோடது, பேரும் உன்னோடதா இருக்கட்டும்.

— இப்பவே போட்டுரலாம். வா கண்ணு, இந்தச் சிஸ்டத்துல உக்காரு. பூட்ட நான் எடுத்துட்டேன். புதுப் பாஸ்வேர்டு நீயே போடு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். அப்பா பேரு, பொறந்த தேதி, சாமி பேரு இதெல்லாம் வேணாம்.

— போட்டுட்டேன். மறுபடி போன் நம்பரு கேக்குது மேடம்.

— அதுக்குக் கீழ இன்னொரு வழி இருக்கு பாரு, அத அமுக்கு. பத்து நம்பரு வருதா? அதான் சாவி. நோட்டுல எழுதிக்க. ஒரு தடவ உள்ள வர ஒரு நம்பரு. போட்ட நம்பர அடிச்சுரு. தீர்ற மாதிரி இருந்தா எங்கிட்ட வா, வேற எடுத்துக்கலாம். போனே வேணாம்.

— இம்புட்டுதானா மேடம்? இதுக்கா ரெண்டு மாசம்?

— இம்புட்டுதான். என்னயத் திட்டணும்னா திட்டிக்க.

— உள்ள வந்துட்டேன்! என் பேரு வந்துருச்சு. "தீபா"ன்னு... பாருங்க சார்.

— பாத்தேன். புராஜெக்ட்டையும் தொறந்து பாத்துக்கோ. அஞ்சு மணிக்கு நான் டெப்போவுக்கு அனுப்பணும். வர்றேன் மேடம்.

— சார், நில்லுங்க.

— என்னம்மா இன்னும்?

— ஒன்பதாம் பக்கத்துக்குக் கீழ நாலஞ்சு வரி இருக்கு. நான் எழுதல. இன்னைக்குக் காலையில நாலு நாப்பதுக்கு விழுந்திருக்கு. ஆண்டிச்சாமிங்கற பேருலதான்.

— உங்கப்பாவுக்குத்தான் எழுதத் தெரியாதுன்னியே?

— எழுதத் தெரியாதுதான் சார். ஆனா பூ வெல விசாரிக்க, போன்ல மைக்க அமுக்கிப் பேசுவாரு. பேசுனா அது எழுத்தா விழுகும்ல? நேத்து ராத்திரி இத அப்பா போன்லதான் அவருக்கும் அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன். மூடாமத் தூங்கிட்டேன் போல. பூப்பறிக்கக் கெளம்புறதுக்கு முன்னாடி பேசியிருக்காரு.

— தெரியாம விழுந்திருக்கும் கண்ணு. அழிச்சுரு.

— அழிச்சிடும்மா. நான் எதையும் பாக்கல, நீ எதையும் சொல்லல. ஊருக்குப் போய்ச் சேரு.

— அழிக்க மாட்டேன் சார்.

— மறுபடியுமா? வெளியாள் எழுத்து ஒரு வரி இருந்தாலும் என்ன ரூல்னு உனக்குத் தெரியும்ல?

— தெரியும். ரூல்னா ரூல். சைபர் போடுங்க, அடுத்த வருசமும் எழுதிக்கிறேன். ஆனா இத அழிச்சுட்டு அந்தப் பட்டியல டெப்போவுக்கு அனுப்ப விட மாட்டேன்.

— என்ன புள்ள நீ! இப்பத்தான கரையேறுன? எதுக்கு அழுகுற?

— அப்படி என்னதான் சொல்லியிருக்கார்? வாசி, கேப்போம்.

— "பாப்பா வாசிச்சதக் கேட்டேன். அந்த வண்டி லேட்டு இல்ல. திண்டுக்கல் பஸ்ஸு வந்து எம்மக ஏறணும்னு டிரைவர் வீரன் தெனமும் நிப்பாட்டி வச்சிருக்காரு. அவ லீவு போட்ட ரெண்டு நாளும் டயத்துக்கு எடுத்துட்டாரு. நாஞ் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேணாம். அவரு மேல குத்தம் எழுதிறாதீக."