கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலி

அந்த ஃப்ரிட்ஜின் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சாத்த வேண்டும், மேடம். இல்லாவிட்டால் மூடியதுபோல் நடிக்கும். பத்து நிமிடத்தில் தானாகத் திறந்துகொள்ளும். கீல் போய் இரண்டு வருடமாகிறது. நான்கு கடிதம் எழுதினேன், யாரும் வரவில்லை. யாரும் வராதது எனக்குப் பழக்கம் என்பதால் ஐந்தாவது எழுதவில்லை.

உட்காருங்கள். அந்த முக்காலி ஆடும், ஆனால் விழாது. கீழ்த் தட்டில் இருந்த குப்பிகளை நீங்கள் எண்ணியதைப் பார்த்தேன். பத்து. நானும் பத்து என்றுதான் சொல்வேன். பதிவேட்டின்படி அவை எல்லாம் எப்போதோ நோயாளிகளின் ரத்தத்தில் கலந்திருக்க வேண்டியவை. ஏன் இங்கே இருக்கின்றன என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கேட்பதற்கு ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

என் வேலை என்னவென்று, தணிக்கைக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிக்கொள்கிறீர்கள் என்பதால் முறையாகவே சொல்கிறேன். பெருங்குடல் அழற்சிக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் சொந்தக் குடலையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய் அது. குடல் புண்ணாகிவிடும், ரத்தம் போகும், ஒரு நாளைக்குப் பதினைந்து முறை ஓட வேண்டியிருக்கும். இந்த மருந்து அந்த அணுக்களைக் குடலுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்குத் தெரியாது, சிஸ்டருக்குத் தெரியாது, படுத்திருப்பவருக்கும் தெரியாது. இந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் இந்த அறையில் உட்கார்ந்து பைகளைத் தயாரித்து, பழுப்பு உறை மாட்டி, சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக நீட்டுவான்.

தெரிந்தவன் தெரியாதவர்களோடு பழகக் கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பது விதி. அதனால் எனக்குத் தனிக் கதவு. மற்றவர்கள் குடித்து முடித்த பிறகுதான் தேநீர். தப்பித் தவறி முன்னால் போய்விட்டால் டாக்டர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ஆறு வருடத்தில் இந்த ஊர் மழையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு மழைக்கே தெரியாது. வீட்டிலும் யாரும் இல்லை. மனைவி இருந்தாள். என் நகைச்சுவை பிடித்துத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். அதே காரணத்துக்காகத்தான் போனாள்.

அப்படிப்பட்ட காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்து ஏற்றிக்கொள்ள ஒரு பஸ் டிரைவர் வந்தார்.

மருந்து ஏற்றும் கூடத்தில் எட்டு நாற்காலிகள் இருக்கின்றன. நல்லவை எல்லாம் பெரிய கண்ணாடி ஜன்னலோரம். அங்கிருந்து மரம் தெரியும், டிவி தெரியும். ஒருவரும் விரும்பாத நாற்காலி கழிப்பறைக் கதவை ஒட்டி, என் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. எல்லோரும் உள்ளே நுழைந்ததும் டிவி எங்கே என்று பார்ப்பார்கள். இவர் கழிப்பறை எங்கே என்று பார்த்தார். நேராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என் ஜன்னலின் மரப்பலகை முழுதாக மூடாது. இந்த அறையில் எதுவுமே முழுதாக மூடாது.

“உள்ள யாரோ இருக்கீங்க போல?” என்றார்.

பதில் சொல்லக் கூடாது. பைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“பேசக் கூடாதோ? எங்க பஸ்லயும் எழுதித்தான் வச்சிருக்கு, ஓட்டுநரோட பேசாதீங்கன்னு. ஒருத்தர் விடாம வந்து பேசுவாங்க.”

“இங்கயும் எழுதித்தான் வச்சிருக்கு,” என்றேன்.

“அப்ப சரியாப் போச்சு அண்ணே.”

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு முதன்முதலாக ஒரு தம்பி கிடைத்தார்.

இருபது வருடமாக ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டியவர். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐம்பது நிமிடம். நோய் வந்த பிறகு அந்த ஐம்பது நிமிடம் தாங்கவில்லை. ஒருமுறை பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, அறுபது பயணிகளும் எட்டிப் பார்க்க, ஒரு மரக்கடைக்குள் ஓடியிருக்கிறார். டெப்போவில் அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பயணிகள் விட்டுப்போகும் குடைகளையும் பைகளையும் காத்து வைக்கும் மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

“எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம் அண்ணே. ஒரு ஐம்பது நிமிஷம் வயிறு சும்மா இருந்தாப் போதும். திரும்ப ரூட்டுக்குப் போயிடுவேன்.”

மருந்து ஏற இரண்டு மணி நேரமாகும். அந்த இரண்டு மணி நேரமும் நாங்கள் பேசினோம். எந்தத் தெருவில் எந்தக் கடையின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று ஊர் முழுக்க அவருக்கு மனப்பாடம். சாவி தர மறுத்த ஒரு செருப்புக் கடைக்காரரை அவர் மன்னிக்கவே இல்லை. அவருக்காக நானும் மன்னிக்கவில்லை. நடுவில் மனைவி நான்கு முறை போனில் கூப்பிடுவார். மகள் ஒரு முறை கூப்பிட்டு, “அப்பா, இன்னைக்கு எத்தனை தடவை ஓடுன?” என்று கேட்டுச் சிரிப்பாள். டெப்போ நண்பர்கள் முறை வைத்துக்கொண்டு அழைத்துப் போக வருவார்கள். அதெல்லாம் எனக்கும் கேட்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய். மற்ற பதின்மூன்று நாட்களை நான் அந்த ஒரு நாளுக்கு வரிசையில் நிற்பதுபோல நின்று கழித்தேன்.

அவருக்கு விழுந்திருந்தது மருந்து, தண்ணீர் அல்ல. நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குடல் எவ்வளவு எரிகிறது என்பதை மலத்தில் இருக்கும் ஒரு புரதத்தை வைத்து அளப்பார்கள். நூறுக்குக் கீழே வந்தால் நெருப்பு அணைந்தது என்று பொருள். அவருக்கு முதலில் ஆயிரத்து எண்ணூறு. ஆறு பைகளுக்குப் பிறகு எண்பத்திரண்டு.

“இன்னொரு டெஸ்ட்டும் இப்படியே வந்தா இங்க வரவே வேண்டாமாம் அண்ணே,” என்றார். “வீட்லயே ஊசியாப் போட்டுக்கலாமாம். டெப்போல ஓட்டிக் காட்டச் சொல்லித் தேதி குடுத்துட்டாங்க.”

“ரொம்ப நல்லது தம்பி,” என்றேன்.

ஏழாவது பையில் நான் மருந்து சேர்க்கவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மேடம். இந்த ஆராய்ச்சியில் நூற்றிருபது பேருக்கு நாமே உப்புத் தண்ணீர் ஏற்றுகிறோம். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் அது நடக்கிறது. நான் ஒரே ஒருவரை இந்தப் பட்டியலிலிருந்து அந்தப் பட்டியலுக்கு நகர்த்தினேன், அதுவும் தற்காலிகமாக. குப்பியை நான் வீசவில்லை. அவர் எண்ணை ஒட்டி, தேதி எழுதி, கீழ்த் தட்டில் வைத்தேன். அவருடைய பொருள் அல்லவா?

அடுத்த டெஸ்ட்டில் அறுநூற்று நாற்பது. டெப்போவில் தேதியைத் தள்ளிவைத்தார்கள். நான்தான் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமே கிடையாது, சொல்ல ஆளும் இருந்ததில்லை. அன்றைக்கு என்னவோ கோவையாக வந்தது.

அவரைக் கஷ்டப்படுத்துவது என் நோக்கம் இல்லை. எடை குறைந்து கன்னம் ஒட்டியதும் இரண்டு பைகளில் மருந்து போட்டேன். தேறினார், மறுபடி தேதி கேட்கப் போவதாகச் சொன்னார். அடுத்த மூன்றும் தண்ணீர். குளிக்க வெந்நீர் விளாவுவதுபோலத்தான். கொதிக்கவும் கூடாது, ஆறிவிடவும் கூடாது. அந்த ஏழாவது பையிலிருந்து எண்ணினால் பதினைந்து செவ்வாய்க்கிழமைகளை அப்படிக் கொண்டுபோனேன். ஆறு பை மருந்து, ஒன்பது பை தண்ணீர்.

அந்தப் பதினைந்தில் அவர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஒரு செவ்வாயன்று தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர், பஸ் எதுவும் ஓடவில்லை. தெரிந்த கடைகளில் நின்று நின்று, இரண்டரை மணி நேரம் நடந்தே வந்து சேர்ந்தார். எதற்கு இப்படி என்று கேட்டேன்.

“டாக்டர் அவ்வளவு பாடுபடறாரு அண்ணே. நம்ம பக்கம் ஒரு குறை இருக்கக் கூடாது பாருங்க.”

அன்றைக்கு அவருக்கு மருந்துதான் போட்டேன். எனக்கும் மனசாட்சி உண்டு.

நான் எங்கே தவறினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வகை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். விட்டு விட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் புது ஆள் யாரோ வந்திருப்பதாக நினைத்து, மருந்தையே அடிக்கக் கற்றுக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பலன் இருக்காது. படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

பதினாறாவது செவ்வாய் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு பையில்கூட நான் தண்ணீர் வைக்கவில்லை. மூன்று பை, மூன்றும் முழு மருந்து. மூன்றாவது ஏறும்போதே குளிர்க் காய்ச்சல் வந்து நாற்காலியோடு நடுங்கினார். அவசரம் என்று டாக்டர், அவருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த ரகசியக் கவரைப் பிரித்துப் பார்த்தார். மருந்துப் பட்டியலில் இருந்தார். அங்கேயே படுக்கவைத்து ரத்தத்தையும் சோதித்தார்கள். டாக்டர் சிஸ்டரிடம் பேசியது பலகை இடுக்கு வழியாக எனக்குக் கேட்டது.

“மருந்தையே தாக்குற மாதிரி உடம்பு பழகியிருக்கு. நடுநடுவுல விட்டவங்களுக்குத்தான் இவ்வளவு தூரம் போகும். இவரு என்ன, சொல்லாம எதையாவது விட்டுட்டாரா?”

டிரைவருக்கு அது பொறுக்கவில்லை. படுத்தபடியே தலையைத் தூக்கினார்.

“ஒரு நாள்கூட விடல டாக்டர். சந்தேகமா இருந்தா உள்ள இருக்காரே, அண்ணனைக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்.”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் பலகையைத் தள்ளினேன். அன்றைக்கு மட்டும் அது முழுதாக மூடியது.

குடல் வீங்கி வெடிக்கிற நிலைக்கு வந்துவிட்டதால் மறுநாளே பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். வயிற்றில் துளை போட்டு ஒரு பை மாட்டியிருக்கிறார்கள், ஆயுளுக்கும். இனி ரூட் கிடையாது என்று டெப்போ சொல்லிவிட்டது. குடை மேஜைதான் நிரந்தரம். வார்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன், ஆனால் எனக்கு அனுமதி இல்லை. விதியை மீறுவது எனக்குப் பிடிக்காது. டாக்டர் உங்கள் அலுவலகத்துக்கு எழுதினார். நீங்கள் வர நான்கு மாதம் ஆயிற்று. கீல் பார்க்கிறவரைவிட வேகம்தான், குறை சொல்லமாட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்காக அவர் வந்திருந்தார். நான் காலையிலிருந்தே பலகையை ஒரு சாண் திறந்து வைத்திருந்தேன். நன்றாக நடந்து வந்தார், கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. டெப்போ ஆட்கள் இருவர் கூட வந்தார்கள். அவர் கழிப்பறையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கண்ணாடி ஜன்னலோரம் போய், வெயில் விழும் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே கையைத் தூக்கி, “என்ன அண்ணே, நல்லா இருக்கீங்களா?” என்றார். நான் சொன்ன பதில் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்காது. குடலை எடுத்துவிட்டால் இந்த நாற்காலி அவருக்குத் தேவைப்படாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் யோசித்தவன் அதை மட்டும் யோசிக்கவில்லை, பாருங்கள்.

ஒன்பது குப்பிகள் அவருடையவை. ஒரு நாளும் இரண்டு டிகிரிக்குக் கீழே போனதில்லை, எட்டைத் தாண்டியதில்லை; கதவை ஒவ்வொரு முறையும் நானே தூக்கிச் சாத்தினேன். அவர் மருந்தில் ஒரு சொட்டுகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியே எழுதுங்கள்.

கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கிறீர்களே, அது பத்தாவது. ஆமாம், எண் வேறு. கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியில் இப்போது ஒரு பாட்டு டீச்சர் உட்காருகிறார். கூச்ச சுபாவம், மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. போன வாரம் அவருக்குத் தொண்ணூற்றொன்று வந்திருந்தது. இன்னும் ஒரு டெஸ்ட் இப்படியே வந்தால் அவரும் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பைதான், மேடம். அப்போதுதான் அவர் ஜன்னல் பக்கம் குனிந்து என் பெயரைக் கேட்டிருந்தார்.