ஒத்திப் போடும் பொத்தான்

அக்கா: மெதுவாத் திற. அம்மா இப்பதான் கண் அசந்தாங்க.

தம்பி: மெதுவாத்தான் திறக்கிறேன். ஃபில்டர் மூடி பிடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது... ம். வந்துடுச்சு.

அக்கா: காட்டு.

தம்பி: வேணாம்க்கா.

அக்கா: காட்டுடா.

தம்பி: பாத்துக்கோ. அப்புறம் ராத்திரி சாப்பாடு இறங்கலைன்னு சொல்லாதே.

அக்கா: ...இந்த உருளை வெள்ளையாத்தானே இருந்துச்சு?

தம்பி: வாங்கின அன்னிக்கு.

அக்கா: வழவழன்னு ஒட்டுது. சீ.

தம்பி: தொடாதேன்னு சொல்றதுக்குள்ள தொட்டுடுவே.

அக்கா: இதுக்குள்ள பூந்து வந்த தண்ணியைத்தான் தினமும் அம்மாவுக்குக் குடுத்திருக்கோம்.

தம்பி: நாமளும்தான் குடிச்சோம்.

அக்கா: நமக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும். கீமோ மருந்து ஏத்தின உடம்பு, எதையும் தாங்காது, தண்ணியில கவனமா இருங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். நானும் பெருமையா, ஃபில்டர் வெச்சிருக்கோம் டாக்டர்னு...

தம்பி: விடு. அம்மா வயிறு கெட்டதும் தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுத்தியே, என்ன சொன்னாங்க? நீ பஸ்ல இருந்து பேசினது பாதி காதுல விழல.

அக்கா: ரெண்டு பாட்டில் குடுத்தேன். ஒண்ணு குழாயில நேராப் பிடிச்சது. ஒண்ணு ஃபில்டர்ல பிடிச்சது.

தம்பி: குழாய்த் தண்ணி அவ்வளவு மோசமா?

அக்கா: குழாய்த் தண்ணி சுத்தம்.

தம்பி: என்னது?

அக்கா: குளோரின் சரியா இருக்கு. கிருமி இல்ல. உப்பும் கம்மி. கிருமி பூரா ஃபில்டர் தண்ணியிலதான்.

தம்பி: பாட்டிலை மாத்திக் குடுத்துட்டியா?

அக்கா: நானும் அதையேதான் கேட்டேன். லேப்ல இருந்த அந்தம்மா சிரிச்சிட்டாங்க. உருளைக்குள்ள இருக்கிற கரி, குளோரினை உறிஞ்சிடுமாம். வாடை போகுதுன்னு நாம சந்தோஷப்பட்டோம்ல... கரி பழசாயிட்டா அதுலயே கிருமி குடியேறிடும். விரட்டுறதுக்குக் குளோரினும் இல்ல.

தம்பி: வேலியே பயிரை மேஞ்ச கதை.

அக்கா: காசு குடுத்து வளர்த்திருக்கோம்.

தம்பி: அப்பவே ஆர்.ஓ. வாங்கியிருக்கணும்.

அக்கா: அது உப்புத் தண்ணிக்கு. இங்க பாதித் தண்ணி சாக்கடைக்குப் போறதுதான் மிச்சம்.

தம்பி: கேன் தண்ணி?

அக்கா: அந்தக் கேனை என்னைக்குக் கழுவினாங்கன்னு உனக்குத் தெரியுமா?

தம்பி: கடைக்காரருக்கே தெரியாது.

அக்கா: குழாய்த் தண்ணியைக் கொதிக்க வெச்சு, மூடி வெச்சுக் குடுங்க, இந்த நிலைமையில அது போதும்னாங்க. ஃபில்டர்தான் வேணும்னா கரியைக் காலாகாலத்துல மாத்தணும்.

தம்பி: கொதிக்க வெக்கிறதா... நான் முதல்லயே சொன்னது அதானே?

அக்கா: சொன்னே. யாரு வெக்கிறது? நான் வேலைக்குப் போறப்பதான் நீ வேலை முடிச்சு வர்றே. நான் வந்தா நீ கிளம்புறே. அடுப்பு முன்னாடி நிக்க இந்த வீட்டுல யாருக்கு நேரம் இருந்துச்சு?

தம்பி: அதுக்குத்தானே ஃபில்டரே வாங்கினோம்.

அக்கா: சரி. கரி மாத்துற நேரம் வந்தா லைட்டு எரியும், சத்தம் போடும்னுதானே மாட்ட வந்தவர் சொன்னார்?

தம்பி: ஆமா.

அக்கா: எரிஞ்சுதா?

தம்பி: நான் பாக்கல. நீ?

அக்கா: ...இல்ல.

தம்பி: அப்ப மிஷின்லதான் கோளாறு. நாளைக்கு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடு.

அக்கா: அவருக்கு ஃபோன் பண்ணினேன்.

தம்பி: யாருக்கு? மெக்கானிக்குக்கா? எதுக்கு?

அக்கா: ஏன் பதறுறே?

தம்பி: பதறல. கேட்டேன்.

அக்கா: எரியும்போது பொத்தானை அமுக்கிப் பிடிச்சா, சத்தம் நின்னு ஒரு மாசம் தள்ளிப் போயிடுமாம். புதுசு வாங்கிட்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோன்னு வெச்சது.

தம்பி: ஓ.

அக்கா: எத்தனை தடவை தள்ளிப் போட்டோம்னு மிஷினே எண்ணி வெச்சிருக்குமாம். பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டினா, அத்தனை தடவை மினுக்கும்.

தம்பி: மாட்டிப் பாத்தியா?

அக்கா: பாத்தேன். மூணு.

தம்பி: மூணா?

அக்கா: தம்பி.

தம்பி: ஒரு தடவை. ஒரே ஒரு தடவைக்கா. ராத்திரி பூரா நின்னுட்டு வந்து அப்பதான் படுத்தேன். கீக் கீக்னு உயிரை வாங்குச்சு. எழுந்ததும் போய் வாங்கிடலாம்னுதான் அமுக்கினேன்.

அக்கா: வாங்கல.

தம்பி: வாங்கல. அப்புறம் சத்தமே வரல. நீ மாத்திட்டேன்னு நெனச்சேன்.

அக்கா: நான் மாத்தியிருந்தா சும்மா இருப்பேனா? ஊரைக் கூட்டியிருப்பேனே.

தம்பி: அதுவும் சரிதான்... மிச்சம் ரெண்டு?

அக்கா: ஒண்ணு நான்.

தம்பி: அக்கா.

அக்கா: ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற நேரம். வண்டி வந்து நிக்குது. அம்மா ஒரு கால்ல செருப்பு போட்டுட்டு, இன்னொண்ணு போட முடியாம மூச்சு வாங்குறாங்க. அப்பப் போய் இது கத்துது. ஓடி வந்து அமுக்கினேன். வந்ததும் உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்.

தம்பி: இவ்வளவு நேரம் போலீஸ் மாதிரி என்னைக் கேள்வி கேட்டே.

அக்கா: நீ ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கலாம்னு பாத்தேன்.

தம்பி: நல்லாப் பாத்தே... அந்த இன்னொரு தடவை?

அக்கா: நீதான் சொல்லணும்.

தம்பி: சத்தியமா நான் ஒரு தடவைதான்.

அக்கா: நானும் ஒரு தடவைதான்.

தம்பி: மிஷினுக்கு எண்ணத் தெரியலையோ என்னவோ.

அக்கா: அதுக்கு எண்ண மட்டும்தான் தெரியும். தண்ணி நல்லதா கெட்டதான்னு தெரியாது. மாட்டி எத்தனை நாளாச்சுன்னுதான் எண்ணுமாம். மெக்கானிக்கே சொன்னார்.

தம்பி: சரி, நாளைக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போறே?

அக்கா: நடந்ததைச் சொல்லித்தான் ஆகணும். வயிறு ஏன் கெட்டுச்சுன்னு தெரியாம அடுத்த மருந்தை ஏத்த மாட்டேங்கிறார். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போயாச்சு. இன்னும் தள்ளிப் போனா...

தம்பி: சொல்லாதே.

அக்கா: சொல்லல.

தம்பி: அம்மாகிட்ட மட்டும் வேணாம்க்கா. குழாய்த் தண்ணி கெட்டுப் போச்சுன்னு சொல்லிடலாம்.

அக்கா: பாவம், சுத்தமா வந்த ஒண்ணு மேல பழி.

தம்பி: குழாய் வந்து சாட்சி சொல்லவா போகுது? பெத்த ரெண்டும் சேர்ந்து சத்தத்தை அணைச்சுட்டு இருந்துச்சுங்கன்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவாங்க.

அம்மா: என்ன அங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு?

அக்கா: ஒண்ணுமில்லம்மா. முழிச்சிட்டீங்களா?

அம்மா: எங்க தூங்க விட்டீங்க. கொஞ்சம் தண்ணி குடு.

அக்கா: இந்தாங்க. கொதிக்க வெச்சு ஆற வெச்சது.

அம்மா: ஏன், ஃபில்டர் தண்ணிக்கு என்ன?

தம்பி: குழாய்த் தண்ணி கெட்டுப் போச்சும்மா. தெருவுல எங்கயோ உடைப்பாம். அதான் உங்க வயித்துக்கு ஒத்துக்கல.

அம்மா: குழாயா?

அக்கா: ஆமாம்மா.

அம்மா: அப்ப அந்த மிஷினை எதுக்குப் பிரிச்சுப் போட்டிருக்கான் இவன்?

தம்பி: சும்மா... கழுவலாம்னு.

அம்மா: கழுவு, கழுவு. போன மாசம் அப்படிக் கத்திக்கிட்டுக் கிடந்துச்சு.

அக்கா: ...எப்பம்மா?

அம்மா: நீ வேலைக்குப் போயிட்டே. இவன் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போய் அந்தப் பொத்தானை அமுக்கிட்டு வந்து படுத்தேன். என் வேலையே உங்களுக்குத் தலைக்கு மேல கிடக்கு, இது வேற எதுக்குன்னு சொல்லல.

தம்பி: அதை அமுக்கணும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?

அம்மா: யாரு சொல்லணும்? இங்க படுத்தா அடுப்படி நேராத் தெரியுது. முதல்ல நீ அமுக்கினே, அடுத்தாப்புல அவ அமுக்கினா. சரி, இந்தத் தடவை நம்ம முறைன்னு நெனச்சேன்.