நான்கு லாகின் பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை காலை, ஆவடி செல்லும் மின்சார ரயில். அம்பத்தூரில் இரண்டு கல்லூரி மாணவர்கள் ஏறினார்கள். லேப்டாப் பை வைத்திருந்தவன் கொட்டாவி விட்டபடி சொன்னான்:

“மச்சான், நைட்டு நம்ம கேன்டீன் ஆப் ப்ராஜெக்ட்டுக்கு எல்லாரும் செஞ்சதையும் சேத்துப் பாத்தேன். நாலு பேரும் லாகின் பேஜ் மட்டும்தான் செஞ்சிகீறோம்.”

“அப்போ கேன்டீன் டோக்கன் எடுக்கற பார்ட்டு?”

“யாரும் செய்யல.”

“பத்து மணிக்கு ரிவ்யூடா. ஊத்திகிச்சுன்னா அரியர். வேலைய பிரிச்சோமே?”

“பிரிக்கலாம்னு பேசினோம். அப்பால டீ குடிக்கப் போய்ட்டோம்.”

“லாகின் பண்ணா இன்னா வரும்?”

“வெல்கம்னு வரும். அவ்ளோதான்.”

“சரி, யாரோடத காட்டறது?”

“குரூப்ல ஓட்டெடுப்பு வச்சிகீறேன், போடு.”

இருவரும் செல்பேசியைத் தட்டினார்கள். அண்ணனூர் தாண்டியதும் லேப்டாப் பை வைத்திருந்தவன் முடிவைப் படித்தான்.

“நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு வந்துகீது.”

“நீயும் உனுக்கேவா போட்டுகின?”

“நீ யாருக்கு மச்சான் போட்ட?”