கியர்பாக்ஸ் மேல் ஒரு பழி

ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவனுக்குப் பொய் சொல்ல அவ்வளவாக வராது. இருபத்தாறு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை ஓரத்தில், பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். பெயர் நரசிம்மன், வயது ஐம்பத்து மூன்று. பொருள் இருந்தால் இருக்கிறது என்பேன், இல்லாவிட்டால் இல்லை என்பேன். இன்ஸ்பெக்டர் ஐயா, இந்த வாக்குமூலத்தை நானாக வந்து எழுதித் தருகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஏட்டையா டீ கூட வாங்கிக் கொடுத்தார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். சேரப்பணஞ்சேரியில் என் மாமனாருக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. மில்லுக்குப் பின்னால் தவிட்டுக் கொட்டகை. அதற்குள், 1936-இல் இங்கிலாந்தில் செய்த நாலு சீட்டுக் கார் ஒன்று முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்தேழில் ஏதோ கோளாறு என்று நிறுத்தியவர் அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் அதன் பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பெண் வீட்டில் எனக்குக் காட்டியவற்றிலேயே மனசுக்குப் பிடித்தது அந்தக் கார்தான் என்று சொன்னால் என் மனைவி செங்கமலம் வருத்தப்படுவாள். ஆனால் வாக்குமூலம் என்று வந்த பிறகு எதையும் மறைக்கக் கூடாது.

மாமனார் காலமான பின், எண்பத்தெட்டில், மில்லும் காரும் செங்கமலத்தின் தம்பி இராமச்சந்திரன் பெயருக்கு வந்தன. "இந்த ஓட்ட ஒடசல வெச்சிக்கினு நான் இன்னா மாமா பண்ணப் போறேன், நீ வோணா நோண்டிக்கினு இரு" என்று அவனே சொன்னான். நான் மூன்று வருஷம் நோண்டினேன்.

பழையபடி ஆக்குவது என்றால் என் அகராதியில் முழுக்கப் பழையபடி. முன்பெட்டிக்குள் காரோடு வந்த இங்கிலீஷ் கையேடு கிடந்தது. கரையான் தின்றதுபோக அறுபது பக்கம் மிச்சம். அதை மனப்பாடம் செய்தேன். எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் கோதண்டம், குன்றத்தூர்க்காரன், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒத்தாசை செய்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுக்குப் 'போதும்' என்று ஒரு நோய் உண்டு. ஓடினால் போதும், நின்றால் போதும். அந்தக் காலத்து மரை போல்ட் கிடைக்காத இடத்தில் நம் ஊர் போல்ட்டைத் தட்டி ஏற்றிவிடுவான். நான் கழற்றி, 'அளவு பொருந்தவில்லை, திருப்பப்படுகிறது' என்று சீட்டு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு அவனிடமே கொடுத்துவிடுவேன்.

"அடில பட்த்துகினு எவன் சார் பாக்கப் போறான்?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டான்.

நான் பார்ப்பேன் என்றேன். படுத்துப் பார்க்கவும் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டர் விசிறியில் சிக்கி அவனுடைய ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. விசிறி இறக்கை வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டுவதற்குத் துணி தேடினேன். நல்ல வேளையாக வளையவில்லை. என் மகளின் வளைகாப்பு அன்று, அந்தக் காருக்கான ஹெட்லைட் கண்ணாடி ஒரு ஜோடி வந்திருப்பதாகப் புதுப்பேட்டையிலிருந்து ஆள் வந்து சொன்னான். நான் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டேன். வளைகாப்பு இரண்டாவது பிள்ளைக்கும் செய்வார்கள். ஒரே அச்சில் வார்த்த அந்த ஜோடி போனால் போனதுதான். செங்கமலம் பத்து நாள் என்னோடு பேசவில்லை. கண்ணாடி மாட்ட அந்தப் பத்து நாளும் உபயோகமாக இருந்தது.

இந்த வருஷம் ஜூன் மாதம் இன்ஜின் பிடித்தது. நான் அழுதேன். என் தகப்பனார் போனபோதுகூட அப்படி அழுததில்லை. இராமச்சந்திரன் என் முதுகைத் தட்டிக் கொடுத்து, மில் ஆட்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தான்.

அவனைப் பற்றிக் குறைவாக எழுத எனக்கு விருப்பமில்லை. முப்பத்தெட்டு வயது, நல்ல உழைப்பாளி, வாய் நிறைய மாமா மாமா என்று கூப்பிடுவான். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றத்தூர் மலை ஏறியவன். ஆனால் ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் காரைச் சுற்றி வந்து, கூரையை விரல் கணுவால் தட்டிப் பார்த்தான்.

"மாமா, மாப்ள ஊர்கோலத்துக்கு இதான் சரி. மேல கீற தகரத்த அறுத்துட்டா மாப்ள நின்னுக்கினே வரலாம். இந்த இன்ஜின் பெட்ரோலா குடிக்குது, தூக்கிக் கடாசிட்டு டெம்போ இன்ஜின் போட்டுக்கலாம். சுத்தி சீரியல் செட்டு. ரோஸ் கலரு அட்ச்சிட்டா பளிச்சினு இருக்கும்."

ரோஸா என்று மட்டும் கேட்டேன்.

அதன் பிறகு மூன்று தடவை முறையாக எடுத்துச் சொன்னேன். கையேட்டைக் காட்டினேன். கூரை வளைவு ஒரே தகட்டில் அடித்தது, அறுத்தால் இந்த உலகத்தில் யாராலும் திரும்பச் செய்ய முடியாது என்றேன். மூன்றாவது தடவை அவன் எனக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்து, "வண்டி என் பேர்ல கீது மாமா" என்றான். குரலில் கோபமே இல்லை. சட்டப்படி அவன் சொன்னது சரி. ஐப்பசி முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாண வீட்டுக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான்.

அவன்மேல் எனக்கு விரோதம் இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். துளியும் இல்லை. ஸ்டோர்ஸுக்குத் தப்பான பொருள் வந்தால் யாரும் அதன்மேல் கோபப்படுவதில்லை. திருப்பி அனுப்புவதோடு சரி.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே கேஸ் கட்டிங் ஆள் சிலிண்டரோடு வந்து இறங்கிவிட்டான். பூஜையன்று கருவி எதையும் தொடக் கூடாது, விஜயதசமி காலையில் மறுபூஜை ஆன பிறகுதான் எடுக்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும். ஆக, காருக்கு ஒரு நாள் ஆயுள் மிச்சம். மில் முற்றத்தில் வாழை இலை விரித்து ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். நடுநாயகமாக அந்த கட்டிங் டார்ச். மறுநாள் என் காரின் மண்டையைப் பிளக்கப் போகிற சாமானுக்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டிக் கற்பூரம் காட்டினார்கள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வண்டி கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும் என்று சொன்னது நான்தான். கிழக்கே மில்லின் காம்பவுண்டுச் சுவர். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலடி. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்க ஓரடி போதும், அப்புறம் பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். யாரும் மறுக்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் திசை சொல்கிறவனை யாரும் மறுப்பதில்லை.

வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரை முந்தைய நாள் சாயங்காலம் சுத்தம் செய்யக் கழற்றியிருந்தேன். திரும்ப மாட்டலாம் என்றால் ஸ்பேனர்கள் பூஜையில் இருக்கின்றன. "சாமிக்கு வெச்சத எடுக்காத சார், ஹேண்டல் போட்டு சுத்திக்கலாம்" என்று கோதண்டமே சொன்னான். எனக்கு வலது தோளில் வாதம் என்பது ஊரறிந்த சங்கதி. கோதண்டத்துக்கு விரல் இல்லை. ஆகவே நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். இராமச்சந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்தான்.

முற்றம் சுவரைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு என்பதால் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தோம். அந்தக் கற்களை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு நாலு எலுமிச்சம்பழங்களை வைத்தவன் அவன்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லை நான் தொடவில்லை.

செங்கமலம் கற்பூரத் தட்டோடு ஓரமாக நின்றாள். அவன் மனைவி மீனம்மாள் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தாள். அவன் ஹேண்டிலை வண்டியின் முன்துளையில் சொருகிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, நியூட்டல்ல கீதா?"

"கீது, சுத்து" என்றேன்.

அன்று அதுவரை நான் சொன்னவற்றில் சரியில்லாத வார்த்தை அது ஒன்றுதான். இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. என்ன அருமையான சத்தம். கிளச்சிலிருந்து இடது காலையும் பிரேக்கிலிருந்து வலது காலையும் எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

வண்டியைப் பின்னால் தள்ளியதும் அவனுக்கு மூச்சு இருந்தது. மில் லாரி குடோனுக்குப் போயிருந்தது. "இந்த வண்டிலயே இட்டுனு போலாம் அண்ணே, ஏத்துங்க" என்று மீனம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவள் இருந்த நிலையில் யோசிக்க முடியாது, நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பின்சீட்டுக்குப் புதுத் தோல் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தோலில் கறை இறங்கினால் எடுக்க வழி கிடையாது. வண்டியில் கோளாறு இருக்கிறது, லாரி வரட்டும் என்றேன். லாரி வர இருபது நிமிஷம் ஆயிற்று. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சாவுக்கு நான் போனேன். எனக்கும் துக்கம்தான். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செங்கமலம் என்னைப் பார்த்து, "மூணு வருசமா உழைச்ச வண்டி, என் தம்பிய வாரிக்கினு பூட்ச்சே" என்று அழுதாள். என்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னாள்.

மறுநாள் நீங்கள் முற்றத்தைப் பார்வையிட வந்தபோது சுவரில் ஆணியடித்துக் கட்டியிருந்த இரண்டு சாக்கு மூட்டைகளைக் காட்டி இது என்ன என்று கேட்டீர்கள். தேங்காய் நார் என்றேன். எதற்கு என்றீர்கள். ஹெட்லைட்டுக்கு நேராகக் கட்டியிருக்கிறேன், வண்டி சுவரில் இடித்தால் கண்ணாடி உடையக் கூடாது என்றேன். நீங்கள் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நடுவில் ஏன் ஒரு மூட்டை கட்டவில்லை என்று கேட்டீர்கள். நடுவில் விளக்கு இல்லையே என்று சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஒருவேளை நான் ஏதோ பித்துப்பிடித்த நிலையில் பேசுவதாக நினைத்திருக்கலாம்.

அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். விபத்து என்று உங்கள் தரப்பிலும் ஒப்புக்கொண்டாயிற்று. மீனம்மாளும் வண்டியைத் தன் கண்ணில் காட்ட வேண்டாம், அதை நானே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். உண்மையில் எனக்குக் கேட்டது எல்லாம் கிடைத்த மாதிரிதான்.

நேற்றுதான் வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை நகலைப் படித்தேன். 'வாகனம் மிகப் பழமையானது. கியர்பாக்ஸின் பற்கள் தேய்ந்திருந்ததால், நியூட்ரலில் இருந்த வாகனம் அதிர்வில் தானாகவே முதல் கியரில் விழுந்துள்ளது. ஓடத் தகுதியற்றது. உடைப்புக்கு அனுப்பப் பரிந்துரைக்கப்படுகிறது.' இதை எழுதியவர் அந்த கியர்பாக்ஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூடியில் நான் பூசிய வார்னிஷ் அப்படியே இருக்கிறது. ஐயா, அந்தப் பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி என் வேட்டியில் துடைத்தவன் நான். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தப்பே செய்யாத ஒன்றின் தலையில் இப்படிப் பழியைப் போட்டு அதை உடைப்புக்கும் அனுப்புவார்கள், தெரிந்தவன் ஒருவன் வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பான் என்றால், அப்புறம் மனுஷனுக்கு மனசாட்சி என்று ஒன்று எதற்கு? விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

அறிக்கையில் அந்தப் பத்தியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். கியர் தானாக விழவில்லை. இராமச்சந்திரன் ஹேண்டிலைச் சொருகுவதற்கு முன்பே, கிளச்சை மிதித்துக்கொண்டு, என் இடது கையால் முதல் கியரைப் போட்டது நான். ஐம்பத்தைந்து வருஷத்துப் பல்சக்கரம், துளிச் சத்தம் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. மூன்றடி தூரத்தில் நின்றிருந்தான், அவனுக்கே கேட்கவில்லை.