பாட்டுக்குள் வராதவள்

— சத்தத்தைக் குறைக்கட்டுமா? தலையில தண்ணி ஊத்தறப்ப சில பேருக்கு ரேடியோ பிடிக்காது.

— வேணாங்க, ஓடட்டும். இந்தப் பாட்டு எனக்குத் தெரியும். ‘பாதிக் கட்டில்’தானே?

— அதேதான். இன்னும் கொஞ்சம் பின்னாடி சாய்ஞ்சுக்க கண்ணு. இந்த நாஷ்வில்ல அந்தப் பாட்டு யாருக்குத்தான் தெரியாது? பால் போடறவன்கூட அதைத்தான் விசில் அடிச்சுட்டுப் போறான்.

— நியூயார்க்ல ஒருத்தர் பாடினதும் வந்திருக்கே. வயலினெல்லாம் வெச்சு.

— ஐயோ, அதுவா. அந்த ஆளு அழறப்பகூட கழுத்துல டை கலையாது. முதல்ல நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி பாடினா பாரு, தொண்டை கம்மிப் போய், அதுதான் பாட்டு. ஆனா அந்த வயலின்தான் அதை ஊர் ஊராக் கொண்டுபோய்ச் சேத்துச்சு. அதை இல்லேன்னு சொல்லக்கூடாது.

— பாட்டுல வர்ற அந்தப் பொம்பளை நிஜமாவே இருக்காங்கன்னு சொல்றாங்களே. சும்மா கேக்கறேன்.

— சும்மா கேக்கறதுக்கா ஊர் ஓரத்துல இருக்கற இந்த மாடிசன் வரைக்கும் வந்த? உங்க பக்கம் தலை அலங்காரம் பண்ற கடையே இல்லையா எர்லீன்?

— என் பேர் எப்படித் தெரியும் உங்களுக்கு? மிஸஸ் பேக்கர்னுதானே சொன்னேன்.

— உன் கல்யாணப் படம் பேப்பர்ல வந்துச்சு. இந்தப் பாட்டை எழுதின வெர்னன் பக்கத்துல வெள்ளைத் தொப்பி வெச்சுட்டு நின்ன. நானும் அதே ஆளு பக்கத்துல அதே மாதிரி நின்னு படம் எடுத்துக்கிட்டவதான். எழுந்திருக்காதே, கண்ணுல சோப்பு போயிடும்.

— கோவமா உங்களுக்கு?

— எதுக்குக் கோவம்? அவர் உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடியே நான் பெட்டி கட்டிட்டு வந்தாச்சு. என்னை மாடீன்னு கூப்பிடு. இல்ல, வயசுக்கு மரியாதைன்னா அக்கான்னு கூப்பிடு. என்ன கேக்கணுமோ கேளு.

— அங்க ஒரு அம்மா உட்காந்திருக்காங்களே.

— ஓபலா? முடி காய வைக்கற ட்ரையருக்குள்ள தலையை விட்டுட்டா இடி விழுந்தாலும் அவங்களுக்குக் கேக்காது. நீ பேசு.

— பொறாமை அக்கா. வேற என்னன்னு சொல்றது? வீட்டுல ரேடியோ போட்டா நீங்க. சாப்பிடப் போனா அங்கயும் நீங்க, எவனாவது பாட்டுப் பெட்டியில காசு போட்டு உங்க பாட்டை ஓட விடறான். டான்ஸுக்குப் போனா, என் புருஷன் என் இடுப்புல கை வெச்சு, உங்களைப் பத்தின பாட்டுக்கு என்னோட ஆடறார். போன ஞாயித்துக்கிழமை சர்ச்ல ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுட்டு, ‘அந்தப் பாட்டெல்லாம் உனக்காகத்தானே எழுதினார்’னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். சர்ச்லயே நின்னு பொய் சொல்லிட்டேன்.

— அடப் பாவமே.

— பாவமெல்லாம் படாதீங்க. அதுதான் இன்னும் எரியுது.

— சரி, படல. எழுந்து இந்த நாற்காலிக்கு வா. உனக்குன்னு ஒண்ணுகூடவா எழுதல?

— என்னைக் கட்டினதுல இருந்து எதையுமே எழுதல. காலையில கிடாரை எடுக்கறார், துடைக்கறார், திரும்ப மூலையில சாத்திடறார். பாட்டுக் கம்பெனிக்காரங்க போன் பண்ணிட்டே இருக்காங்க. எங்க வீட்டு விருந்துல ஒருத்தர் எல்லார் முன்னாடியும் சொல்றார், ‘வெர்னனுக்கு நல்ல பொண்டாட்டி அமைஞ்சுட்டா, நமக்குக் கஷ்டகாலம் வந்துடுச்சு’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார்.

— நீ என்ன பண்ணின?

— கேக் எடுத்துட்டு வர்றேன்னு சமையலறைக்குள்ள போயிட்டேன்.

— உன்னை நல்லா வெச்சிருக்காரா? நிஜத்தைச் சொல்லு.

— ரொம்ப நல்லா. சத்தமா ஒரு வார்த்தை இல்ல. சோள ரொட்டி கருகிப் போனாக்கூட நல்லாருக்குன்னு சாப்பிட்டுடறார். ஒரு நாள் நானே சண்டை போட்டுப் பாத்தேன் அக்கா. தட்டைக்கூடப் போட்டு உடைச்சேன். அவர் விளக்குமாறு எடுத்துட்டு வந்து பெருக்கினார். நான் எது பேசினாலும் முதல்ல கொஞ்ச நேரம் உத்துக் கேக்கறார். அப்புறம் முகம் மாறிடுது. கடையில ஒரு சாமானைக் கையில எடுத்துப் பாத்துட்டு, இது வேணாம்னு வெச்சுடுவாங்களே, அப்படி.

— அந்த முகம் எனக்குத் தெரியும்.

— உங்ககிட்டயும் அப்படித்தானா?

— என்கிட்ட வெச்சுட்டுப் போகமாட்டார். எடுத்துக்குவார். அந்தப் பாட்டெல்லாம் என்னை நினைச்சு எழுதினதுன்னு நினைச்சுட்டிருக்கியா நீ? நினைச்சும் எழுதல, உருகியும் எழுதல. நான் வாயால சொன்னது கண்ணு அது. ‘கட்டில்ல பாதி உனக்குத்தான் கிடக்கு, வர்றதுன்னா வா’ன்னு ஒரு நாள் அழுதுட்டே கத்தினேன். அப்படியே நின்னு என் மூஞ்சியைப் பாத்தார். சமாதானம் பண்ணத்தான் வர்றார்னு நினைச்சேன். தொப்பியை எடுத்துட்டு நேராப் போய்க் கார்ல உட்காந்து கண்ணாடியெல்லாம் ஏத்திட்டார்.

— கண்ணாடியை எதுக்கு?

— கார்லதானே எழுதுவார். வெளிய இருக்கற சத்தம் உள்ள வரக்கூடாது, உள்ள பாடறது வெளிய யாருக்கும் கேக்கக்கூடாது. ஆகஸ்ட் மாச வெயில்லயும் ஏத்திட்டுத்தான் உட்காருவார். இறங்கறப்ப சட்டையைப் பிழிஞ்சு எடுக்கலாம். கண்ணாடி மேல ஏறிடுச்சுன்னா பாட்டு சிக்கிடுச்சுன்னு அர்த்தம். நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருப்பேன். எனக்கு அழுகைகூட நின்னு போயிடும்.

— நான் வந்ததுல இருந்து அவர் கண்ணாடி ஏத்தி ஒரு தடவைகூடப் பாத்ததில்ல.

— நல்லதுன்னு வெச்சுக்க. போகப் போக எனக்கு விஷயம் புரிஞ்சுது. பாட்டு வராத சமயத்துல சண்டையை அவரே கிளப்புவார். குழம்புல உப்பில்லேம்பார். என் அக்கா வந்தா பேசாம எழுந்து போயிடுவார். நான் வாய் திறக்கற வரைக்கும் குத்திட்டே இருப்பார். திறந்தேன்னா, கொஞ்ச நாள்ல அது ரேடியோவுல வந்துடும்.

— ‘விளக்கை நானே அணைச்சுக்கறேன்’?

— நான் சொன்னது.

— ‘உன் சட்டைக்கு யாரு பட்டன் தைப்பா’? அதுவுமா?

— பெட்டி கட்டறப்பச் சொன்னது. அதுதான் எல்லாத்துக்கும் மேல போச்சு. நாடே பாடுச்சு. கவர்னர் சம்சாரம் அதைக் கேட்டு அழுதாங்களாம்.

— அப்ப ரெக்கார்டுல உங்க பேரையும் போட்டிருக்கணுமே.

— சண்டை போட்டவங்க பேரையெல்லாம் ரெக்கார்டுல போடறதில்ல கண்ணு. அசையாதே, முடியில சுத்தின ரோலர் அவுந்துடும்.

— இப்பத்தான் எனக்கு இன்னும் பொறாமையா இருக்கு.

— எதுக்குடி? நான் இவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்டியா இல்லையா?

— கேட்டேன். உங்க வாயில இருந்து விழுந்ததையெல்லாம் ஒண்ணுவிடாம எடுத்து வெச்சிருக்கார். என்கிட்ட எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லேன்னு திரும்பிக்கறார். நீங்க இல்லாத வீட்டுலயும் உங்க பேச்சைத்தான் கேட்டுட்டிருக்கார்.

— எல்லாத்தையும் நான் குடுத்துடல. ஒண்ணை மறைச்சு வெச்சிருக்கேன்.

— என்னது?

— நான் கிளம்பின அன்னிக்கு அவர் தடுக்கல. பெட்டியைக்கூட அவரே தூக்கிட்டு வந்தார். வாசக் கதவு காத்துல அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் தாண்டிப் போற வரைக்கும் அதைத் திறந்து பிடிச்சுட்டு நின்னார். பஸ்ல ஏறி உட்காந்தப்புறம்தான் எனக்கு வார்த்தை வந்துச்சு. ‘எவ்வளவு நல்ல மனுஷன், நான் விட்டுட்டுப் போறப்பக்கூடக் கதவைத் திறந்து பிடிச்சார்.’ எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு அக்கா. ரொம்ப நல்லா இருக்கு.

— நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அதையும் எடுத்துட்டுப் போய், அந்த டை கட்டினவன் வயலின் வெச்சு அழுவான். எனக்கே எனக்குன்னு ஒண்ணாவது இருக்கட்டும்னு வெச்சிருக்கேன். உன்கிட்ட எதுக்குச் சொன்னேன்னு தெரியல. சரி, நான் இங்க இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா? வாசப் பலகையில என் பேர்கூட இல்லையே.

— அவர்தான்.

— யாரு?

— வெர்னன்தான். நாளைக்குக் கம்பெனி விருந்து இருக்கு, மாடிசன்ல ஒரு கடையில கொண்டை நல்லாப் போடுவாங்க, அங்க போன்னு சொன்னார். அது உங்க கடைன்னு அப்புறம் நானே விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பாவம், தெரியாம உளறிட்டார்னு நினைச்சேன். அவருக்குத் தெரியாம உங்களை ஒரு தடவை பாத்துடலாம்னு பேரை மாத்திச் சொல்லிட்டு வந்தேன்.

— அந்த ஆளு உளற மாட்டார் கண்ணு. ஒரு வார்த்தையை வீணாக்க மாட்டார். நீ எப்படி வந்த, பஸ்லயா?

— அவரே கொண்டுவந்து விட்டார். வெளியில இருக்கார்.

— அந்தப் பச்சைக் காரா? இரு, திரையை விலக்கறேன். ஆமா, அவரேதான். இன்னும் அதே தொப்பி. கண்ணாடியெல்லாம் இறக்கி விட்டுட்டு, கையை வெளிய போட்டுட்டு, நம்ம வாசலையே பாத்துட்டிருக்கார்.

— எதுக்கு அக்கா?

— நீ எந்த மூஞ்சியோட வெளிய வர்றேன்னு பாக்கறதுக்கு. இன்னுமா புரியல? அவருக்குப் பாட்டு வேணும். நீ சந்தோஷமா இருக்க. உன்னை அழவைக்க அவருக்கு மனசு வரல, அதான் என்கிட்ட அனுப்பியிருக்கார்.

— நான் அழல.

— மை கன்னம் வரைக்கும் ஓடிடுச்சு. இந்தா டவல். துடைச்சுக்க, லிப்ஸ்டிக் போட்டு விடறேன். சிரிச்சுட்டே போய்க் கார்ல ஏறு. ‘அந்தம்மா நல்லவங்க, கொண்டை நல்லாப் போட்டாங்க’, அவ்வளவுதான் சொல்லணும். கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருப்பார். அப்புறம் வேற ஏதாவது வேலையைப் பாப்பார். நீ நல்லா இருப்ப.

— ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இது என் நல்லதுக்குச் சொல்றீங்களா, இல்ல இன்னொருத்தி பாட்டுக்குள்ள வந்துடக்கூடாதுன்னு சொல்றீங்களா?

— ரெண்டுக்கும்தான். பொய் சொல்லமாட்டேன். எனக்கும் பொறாமைதான். இந்த ரேடியோவை நான் நிறுத்தறதே இல்ல, ஏன்னு நினைக்கற?

— டவலை வைங்க அக்கா. துடைக்காதீங்க.

— எர்லீன்.

— இப்படியே போறேன்.

— புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? ஒரு தடவை ருசி கண்டுட்டார்னா விடமாட்டார். அடுத்த பாட்டுக்கு அடுத்த அழுகையைக் கேப்பார்.

— கேக்கட்டும். கேக்கறதுக்காவது என் பக்கம் திரும்புவாரில்ல?

— அழுதா மட்டும் போதாதுடி அவருக்கு. வார்த்தை வேணும். போய் என்ன சொல்லுவ?

— இருக்கு.

— அதை மட்டும் எடுக்காதே. அது என்னோடது. எர்லீன், உன்னைத்தான்.

— தெரியும் அக்கா. எப்படியும் எழுதினது அவர்னுதான் போடப் போறாங்க. நம்ம ரெண்டு பேர் பேரும் வராது. ஆனா ஊர் அதை என் பாட்டுன்னு சொல்லும். நான் வர்றேன்.

— ரோலரையாவது எடுத்துட்டுப் போ. எர்லீன்.

— மாடீன், இந்த மெஷினை அணைச்சு விடேன், காது வேகுது. யாரு அந்தப் பொண்ணு? தலையில ரோலரோட, மூஞ்சியெல்லாம் மையா, அழுதுட்டே ஓடுது.

— ஒண்ணுமில்ல ஓபல். நீங்க உட்காருங்க.

— கார்ல இருந்து ஒரு மனுஷன் இறங்கி வர்றார் பாரு. அடடா, அதுக்குக் கார்க் கதவைத் திறந்து பிடிச்சுட்டு நிக்கறார். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல ஒரு நாள் செஞ்சிருப்பாரா?

— அது என்ன பண்ணுது? ஏறிடுச்சா?

— இல்ல, நின்னுட்டு அவர்கிட்ட என்னமோ சொல்லுது. சின்னதாத்தான் சொல்லுச்சு. அதுக்கு அந்த ஆளு எதுக்கு இப்படிச் சிலை மாதிரி நிக்கறார்? நீயே வந்து பாரேன்.

— வேணாம். நீங்களே சொல்லுங்க.

— அதை உள்ள உட்கார வெச்சுட்டு, சுத்தி வந்து அவரும் ஏறிட்டார். ஆனா வண்டி கிளம்பல. இதென்ன மாடீன், இந்த வெயில்ல போய்க் கண்ணாடியை ஏத்தறார்.