மோகனப்பிரியாவின் மேசையை இடம் மாற்றியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் காளியண்ணனின் துணைவியார் ராமாயி அம்மா அவர்களே, வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, நம் நாமக்கல் பார்சல் அலுவலகத்தின் ஊழியர்களே!

நம் தலைமை எழுத்தர் காளியண்ணன் அவர்கள் போன ஞாயிறன்று நம்மை விட்டுப் பிரிந்தார். உங்கள் மேலாளரான நான், துக்கத்தோடு சேர்த்து ஒரு நிம்மதியையும் சொல்ல வந்திருக்கிறேன். நான் செய்யவிருந்த ஒரு பெரும் அநியாயத்தைத் தடுத்தவர் அவர்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நம் மோகனப்பிரியா ஒரே மாதத்தில் மூன்று முறை வண்டி எண்ணைத் தவறாகப் பதிந்தார். நாக்பூர் போக வேண்டிய சரக்கு ராய்ப்பூர் போனது. பார்வை போகிறதோ என்று அவரே பயந்தார். கண் மருத்துவர் குறையில்லை என்றார். அப்படியானால் கவனக்குறைவு என்று நான் முடிவு கட்டினேன். பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

காளியண்ணன் வந்தார். சத்தம் போட்டாரா? இல்லை.

"ஏனுங்க, மூணு மணிக்கு ஒருக்கா அந்தப் புள்ள சீட்டுல உக்காந்து பாருங்க. அப்பறமா கடுதாசியக் குடுங்க."

உட்கார்ந்தேன். மேற்குச் சன்னல் வெயில் கம்ப்யூட்டர் திரையில் அடித்தது. முதுகுக்குப் பின்னால் ரசீதுக்காகப் பத்து ஓட்டுநர்கள். ஒவ்வொரு பைலுக்கும் எழுந்து மறுகோடிக்கு நடை. அரை மணி நேரத்தில் நானே இரண்டு எண்களை மாற்றிப் போட்டேன்!

டேப்பை எடுத்து இடத்தை அளந்த காளியண்ணன் சொன்னார்: "எல்லாத்தையும் நவுத்தோணும்னா உங்க ரூமும் போயிருமுங்க."

"போகட்டும்" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், மனமில்லாமல்தான் சொன்னேன்.

என் கண்ணாடி அறை இருந்த இடத்தில், கண் கூசாத வெளிச்சத்தில், மோகனப்பிரியாவின் மேசை. கை நீட்டினால் எட்டும் பைல்கள். ஓட்டுநர்களுக்கு வாசலிலேயே கவுண்டர், பெஞ்சு, மின்விசிறி. எனக்கு மாடிப்படி ஓரம். இரண்டே நாளில் முடித்தார்.

அடுத்த மாதம் ஒரு தவறும் இல்லை. மோகனப்பிரியா அவரிடம் வந்து, "கண்ணு போகுதுன்னு ஊட்டுல சொல்லாம அழுதுட்டு இருந்தனுங்க" என்றார்.

"சாமி, உன்ற கண்ணுல ஒரு கொறையும் இல்ல. உன்னய அங்க உக்கார வச்ச நாங்கதான் பாக்காம உட்டுட்டோம்."

அன்று மாலை கடிதத்தைக் கிழித்தேன். கொடுத்திருந்தால்? அந்தப் பெண் தன் மீதே நம்பிக்கை இழந்து போயிருப்பார். நான் அது தெரியாமலேயே நிர்வாகி என்று திரிந்திருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் பெருமூச்சு வருகிறது தோழர்களே, தப்பித்தோம் என்ற பெருமூச்சு!

ஆட்டையாம்பட்டியில் நம் புதிய கிளை வரப்போகிறது. அதன் வரைபடத்தை நாளைக் காலை மோகனப்பிரியாவிடம் ஒப்படைக்கிறேன். சுமை தூக்குவோர் முதல் காவலாளி வரை, அங்கே வேலை செய்யப் போகிற ஒவ்வொருவரும் பார்த்துச் சம்மதித்த பிறகே சுவர் எழும்பும். இது இந்தச் சபை முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

ராமாயி அம்மா, அந்தச் சுவர் எழும்பும் அன்றைக்கு, அவர் சார்பில் முதல் செங்கல்லை நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.