பட்டன் போன வீடு

எனக்குப் போனில் பேசுவது பிடிக்கும். முகம் தெரியாத இடத்தில் இதமாகப் பேசுவது சுலபம். நாய்க் காப்பகத்தில் போன் அடித்தால் மற்றவர்கள் அடுத்த ஆள் எடுக்கட்டும் என்று இருப்பார்கள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுப்பேன். பதினோரு வருடமாக அப்படித்தான்.

காப்பக நிர்வாகிகளான நீங்கள் உங்கள் மேசைமேல் இருக்கும் இரண்டு தாள்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்று கூண்டு கழுவும் அக்கா எழுதிய சாப்பாட்டுக் கணக்கு, ஒன்று நான் எழுதிய பட்டியல். சொல்கிறேன். ஆனால் போனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நாயை விட்டுவிட்டுப் போகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீடு மாறுகிறார்கள், நோயில் விழுகிறார்கள். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பத்து நாள் கழித்து, எப்படி இருக்கிறது என்று போன் செய்வார்கள். முதல் மூன்று வருடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மறுமுனையில் அழுவார்கள், நானும் அழுவேன். நான்காவது வருடம் என் அழுகை நின்றுபோனது. நாற்பது கூண்டுகளையும் கடந்து போவேன், எதுவும் மனதில் படாது. அம்மா காய்ச்சலில் படுத்திருந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

பயமாக இருந்தது. மறுநாள் காலை கண்மூடி வேண்டிக்கொண்டபோது பெரிதாக எதையும் கேட்கவில்லை. தினம் ஒருவருக்காவது ஆறுதலாக இருக்கும்படி வை என்று மட்டும் கேட்டேன். அன்று முதலில் வந்த போனில் ஒரு பெண் தன் நாயை விசாரித்தாள். "நல்ல வீடு கிடைச்சிடுச்சும்மா, தோட்டமெல்லாம் இருக்கு" என்றேன். அவள் விட்ட பெருமூச்சு கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு ஒன்று என் மனதில் பட்டது. கேட்டது கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதன்பிறகு எல்லோருக்கும் ஒரு வீடு சொன்னேன். அப்படி எந்த வீடும் இல்லை என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். "நீ பாத்து வச்ச வீட்டுல எல்லாம் தோட்டம் இருக்கே, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடேன். வாலு ஒண்ணுதான் இல்ல எனக்கு" என்று கேலி செய்வார்.

தையல்காரர் பட்டனைக் கொண்டுவந்தது மழைக்காலத்தில். மனைவி போன பிறகு தனியாக இருக்க முடியாமல் மகள் வீட்டுக்குப் போகிறார். மூன்றாவது மாடி, மருமகனுக்கு மூச்சிரைப்பு, நாய் கூடாது. பட்டன் ஒன்பது வயது வெள்ளை நாய். ஒரு கண்ணைச் சுற்றிக் கருப்பு வட்டம். தையல் மெஷினுக்கு அடியிலேயே வளர்ந்தவனாம். வந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை முகர்ந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்தார். நான் பட்டனுக்கு ஒரு வாத்தியார் வீட்டைக் கொடுத்தேன். இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அவனைக் கட்டிக்கொள்வாள். "மெஷின் சத்தம் இல்லாம தூங்குறானாம்மா?" என்று கேட்டார். பெரியவள் பாட்டுப் பாடித் தூங்கவைக்கிறாள் என்றேன். சிரித்தார். ஆறு வாரம் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அதை அவரே சொன்னார்.

ஏழாவது வாரம், சனிக்கிழமை, நேரில் வந்து நின்றார்.

"கடைக்குப் பின்னாடி ஒரு அறை கெடச்சிருக்கும்மா. தரைத்தளம். நாய் வச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அந்த வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். குடுத்தா கூட்டிட்டுப் போறேன். மாட்டேன்னா விட்டுடுறேன், வம்பு பண்ண மாட்டேன்."

அவருக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு சுவரும் ஒரு கதவும் இருந்தன. அவர் குரல் கேட்டு அவன் உள்ளேயிருந்து ஒரு சத்தம் போட்டான். குரைப்பு என்று சொல்ல முடியாது.

"எங்க பையன் மாதிரியே இருக்கேம்மா" என்றார்.

"எல்லா நாயும் ஒண்ணு போலதான் ஐயா கத்தும். நான் கேட்டுச் சொல்றேன். திங்கக்கிழமை சாயங்காலம் வாங்க."

அன்று மாலை பட்டன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு வேளையும் சாப்பிட்டுவிட்டுக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அக்காவின் தாளில் 'முழுத் தட்டு' என்று மூன்று முறை இருப்பது சரிதான். அக்கா பொய் எழுத மாட்டார்.

கதவைத் திறந்திருக்கலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் திறந்தால், அவர் மகள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிய ஒவ்வொரு ராத்திரியும் அவன் எலும்பும் தோலுமாக இங்கே சுவரைப் பார்த்துக் கிடந்தது அவருக்குத் தெரிந்துவிடும். மனைவியை இழந்த மனிதர். அதையும் அவர் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

வாத்தியார் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி அவனைக் கொடுத்திருக்கலாமே, பொய்யோடு பொய்யாகப் போயிருக்குமே என்று அக்கா பிறகு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குடும்பம் அப்படிப்பட்டது இல்லை. அந்தச் சின்னப் பெண் விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள்.

தையல்காரர் திங்கட்கிழமை சாயங்காலம் வரும்போது பட்டன் மறுபடி குரல் கொடுக்கக் கூடாது. டாக்டர் அன்று காலையில் வருவார். தேறாத நாய்களின் பட்டியலை நான் எழுதி வைப்பேன். அவர் ஊசி போட்டுத் தூங்கவைப்பார். அன்றைய பட்டியலில் இரண்டு பெயர்கள். இரண்டாவது பட்டன். பக்கத்தில் 'பத்து நாளாகச் சாப்பிடவில்லை' என்று எழுதினேன். தெளிவான கையெழுத்துதான், நீங்களே பார்க்கலாம்.

"இவன் இன்னிக்குத் தெம்பா இருக்கானே?" என்றார் டாக்டர்.

"சில சமயம் கடைசியில அப்படித்தான் டாக்டர் இருக்கும்" என்றேன். பதினோரு வருடப் பழக்கம். அவர் என்னை நம்பினார்.

நான்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எந்த நாயையும் நான் தனியாகப் போகவிட்டதில்லை. அவன் வாலை ஆட்டிக்கொண்டு கதவையே பார்த்தான். நல்ல வீட்டுக்குப் போகிறாய் என்று அவன் காதில் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

சாயங்காலம் தையல்காரர் வந்தார். துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு மெத்தை தைத்து எடுத்து வந்திருந்தார். வாத்தியார் வீட்டில் கேட்டேன், சின்னவள் அழுதுவிட்டாள் என்றேன்.

அவர் மெத்தையை என் கையில் கொடுத்தார்.

"வேணாம்மா. குழந்தைய அழ வைக்க வேணாம். அவன் நல்லா இருந்தா சரி. இத மட்டும் அவங்ககிட்ட குடுத்துடு. ஓரத்துல ரெட்டைத் தையல் போட்டிருக்கேன், கடிச்சாலும் பிரியாது."

வாசல்வரை போய், திரும்பி வந்து, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கண்ணீர் வந்தது. ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு நன்றாக அழுதேன். என் மனம் இன்னும் சாகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் நன்றி சொல்லி வேண்டிக்கொண்டேன்.

பட்டியலில் பொய் எழுதியது நான். நலமாக இருந்த நாயைக் கொல்லவைத்தது நான். டாக்டருக்கு இதில் பங்கு இல்லை. அக்காவைத் தொந்தரவு செய்யாதீர்கள். வேலையை விட்டு எடுத்தாலும், போலீசிடம் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் போன் செய்வார். நான் இல்லாவிட்டாலும் யாராவது எடுங்கள். பெரியவள் பரீட்சையில் தேறிவிட்டாள், பட்டன் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறான் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொல்லலாம் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். ஒரு மனிதரிடம் அவ்வளவு இரக்கமில்லாமல் நடந்துகொள்ள எப்படித்தான் மனம் வருகிறதோ, எனக்குப் புரியவில்லை.